பர்மிங்ஹாம் மேயர் ஜோசப் சேம்பர்லேன்

சேம்பர்லேன் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர் பலர்க்கும் நினைவில் எழுபவர், 1938 ஆம் ஆண்டில் மியூனிக் நகருக்குச் சென்று ஹிட்லரோடு உடன்படிக்கை செய்து திரும்பிய பிரதம மந்திரி நெவில் சேம்பர்லேனே ஆவர். சரித்திரம் பயில்வோர் அவருடைய தமையனாரும், 1925 ஆம் ஆண்டுக்குரிய நோபல் சமாதானப் பரிசில் பங்கு பெற்றவருமாகிய ஆஸ்டின் சேம்பர்லேனையும் அறிவர். இவ்விருவரையும் பெற்ற தந்தையாரோ பிள்ளைகளின் பெயர்க்குப் பின்னே சற்று மறைந்து நிற்கின்றார். அவர் பிரதம மந்திரி ஆனவரல்லர்; உலகப் பரிசு பெற்றவருமல்லர். திருகாணி செய்து விற்றுப் பொருளீட்டி, நாற்பது வயது நிரம்புமுன் வாணிகத்தை விட்டு நீங்கி, ஓர் ஊரின் தெருவிளக்கையும் குடிநீரையும் குடியிருப்பையும் சீர்ப்படுத்தப் புகுந்தவர் அவர். ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் நடந்த அவ்வேலையையே ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்க விரும்புகின்றோம். பிற்காலத்தில் மந்திரியாக இருந்து அவர் செய்தவற்றையெல்லாம் எழுதப் புகின் இவ்விதழின் பக்கங்கள் போதா. அன்றியும் அவற்றுட் சிலவற்றை மகிழ்ந்து எழுத நமக்குக் கை வாராது.

ஜோசப் சேம்பர்லேன் 1836 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8 ஆம் நாள் லண்டனைச் சார்ந்த காம்பர்வெல் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் காலணி செய்து விற்கும் வணிகர். அக்குடும்பத்தார் யூனிடேரியன் சபையினர். அஃதாவது, திரித்துவக் கொள்கையை ஏற்றுக்கொள்ளாது கடவுள் ஒருவரே எனக் கொள்ளும் சிறுபான்மைக் கூட்டத்தினர். ஆங்கிலத் திருச்சபையைச் சாராதவர்க்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவு அந்நாளில் செவ்வையாகத் திறக்கப்படவில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் பள்ளியில் ஈராண்டு பயின்று நன்மாணவர் எனப் பெயர் பெற்ற ஜோசப், பதினாறாம் வயதில் படிப்பை நிறுத்தித் தந்தையாரின் கடையில் அமர்ந்தார். பட்டம் பெறும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. ஹானர்ஸ் வகுப்பில் இருந்துகொண்டு இதனை எழுதும் நாம் இவ்விடத்தில் சிறிது நாணவே வேண்டியிருக்கின்றது.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு சிறு பொருள். மரத்தில் முடுக்கும் திருகாணி பழங்காலத்தில் நுனி மழுங்கியதாகவே இருந்தது. தச்சர் முதலில் துளையிட்டு, பின்னரே அதனை உட்செலுத்த வேண்டும். தானே துளைத்துக்கொண்டு செல்லும் கூர்நுனித் திருகாணியை இயந்திரத்தால் செய்யும் முறையை அமெரிக்கர் கண்டனர். பர்மிங்ஹாமில் திருகாணித் தொழில் நடத்திய ஜான் நெட்டில்போல்டு என்பவர் அவ்வியந்திரங்களின் உரிமையை இங்கிலாந்துக்கு வாங்க விழைந்தார். அதற்குப் பெருந்தொகை வேண்டியிருந்தமையால் தம் மைத்துனராகிய சேம்பர்லேனின் தந்தையாரை நாடினார். தந்தையார் பணத்தை இட்டார். பணத்தைப் பார்த்துக்கொள்ளப் பதினெட்டு வயது மகனையும் உடன் அனுப்பினார். 1854 ஆம் ஆண்டில் இவ்வாறு பர்மிங்ஹாம் சேர்ந்த இளைஞர், சாகும் வரையில் அவ்வூரார் ஆகவே வாழ்ந்தார்.

தொழிற்சாலையை நெட்டில்போல்டின் மகன் நடத்த, கணக்கையும் விற்பனையையும் சேம்பர்லேன் நடத்தினார். இருபதாண்டு காலத்தில் இங்கிலாந்தில் செய்யப்படும் திருகாணிகளுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இக்கம்பெனியின் கையால் வெளிவரலாயிற்று. சிறு பட்டறைக்காரர் பலர் இயந்திரத்தோடு போட்டியிட மாட்டாமல் தொழிலை விட்டனர். சிலருடைய பட்டறைகளைக் கம்பெனியே விலைக்கு வாங்கிற்று. பிற்காலத்தில் அவருடைய பகைவர் இதனைச் சுட்டி, பலர் வயிற்றில் அடித்துச் செல்வரானார் என்று தூற்றினர். நேர்மையான விலை கொடுத்தே வாங்கினார் என்று சான்று பகர்ந்தவரும் உண்டு. எவ்வாறாயினும், போட்டியிற் சிதறிக் கிடக்கும் பலவற்றை ஒரு கையிற் சேர்த்தால் செலவு குறையும், ஆதாயம் பெருகும் என்னும் பாடத்தை அவர் அங்கே கற்றுக்கொண்டார் என்பது உறுதி. அப்பாடமே பின்னர் ஓர் ஊருக்குப் பயன்பட்டது.

அந்த ஊர் அந்நாளில் இருந்த நிலையைச் சிறிது சொல்லுதல் வேண்டும். 1871 ஆம் ஆண்டுக் கணக்கின்படி பர்மிங்ஹாமில் 3,40,000க்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். பேனா முள், பொத்தான், துப்பாக்கி, நகை, ஆணி ஆகிய எல்லாம் அங்கே உண்டாயின. செல்வம் பெருகிற்று, ஆனால் அச்செல்வம் தெருவில் இறங்கி நடக்கவில்லை. ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. காற்றுக்குப் பின்வாயில் இல்லை. முற்றத்தில் ஒரு கிணறு. அதன் அருகே கழிவுக்குழி. நகர சபையோ, 1850களில் சிக்கனக் கட்சியார் கைப்பட்டிருந்தது. சிறு கடைக்காரரும் வீட்டுச் சொந்தக்காரரும் மிக்கிருந்த அக்கட்சியார், உட்மன் என்னும் மதுக்கடையிற் கூடி நகர காரியங்களைப் பேசி முடித்தனர். வரியைக் கூட்டாதிருத்தலே அவர்களுக்குத் தெரிந்த ஒரே நல்லாட்சி. கால்வாய் வெட்டுவதும் வீண் செலவு, தெரு அகற்றுவதும் வீண் செலவு! நாமும் இத்தகைய சபைகளைப் பற்றிக் கேள்விப்படாதவர் அல்லோம்.

இந்நிலையை மாற்றியவர் முதலில் வணிகர் அல்லர், போதகரே. இது நம் கல்லூரி வாசகர்க்கு உவப்பாக இருக்கும் என நம்புகின்றோம். ஜார்ஜ் டாசன் என்பார் பாப்டிஸ்டு சபையிலிருந்து பிரிந்து, 1847 ஆம் ஆண்டு முதல் தமக்கென அமைந்த தேவாலயத்தில் பிரசங்கித்து வந்தார். ஒரு நகரம் என்பது வீடுகளின் கும்பல் அன்று, கடவுள் முன் பொறுப்புடைய ஒரு சமுதாயம். அதன் சபையில் அமர்ந்து சாக்கடையைச் சீர்செய்தலும் திருப்பணியே என்பது அவர் போதனையின் சாரம். காங்கிரிகேஷனல் சபைப் போதகராகிய டாக்டர் ஆர். டபிள்யூ. டேல் அதனை மேலும் வற்புறுத்தினார். இப்போதனையைக் கேட்டவர்களுட் பலர் பெருந்தொழில் நடத்துவோர். மதுக்கடைக் கூட்டத்தாரிடம் ஊரை விட்டுவிட்டுத் தம் தொழிலை மட்டும் பார்த்திருத்தல் பாவம் என்ற எண்ணம் அவர்கட்குப் பிறந்தது. சேம்பர்லேன் தம் யூனிடேரியன் ஆலயத்தில் ஓய்வுநாட் பள்ளி ஆசிரியராக இருந்தார். தொழிலாளர்க்கு மாலை வகுப்புக்களும் நடத்தினார். அங்கே எழுத்தறியாத வாலிபரைக் கண்டமையே அவரைப் பொதுவாழ்விற்கு இழுத்தது எனலாம்.

இதனிடையே அவர் இல்வாழ்வில் இடி விழுந்தது. 1861 ஆம் ஆண்டில் ஹாரியட் கென்ரிக் என்னும் மங்கையை மணந்திருந்தார். 1863 அக்டோபரில் ஆஸ்டின் பிறந்தான். பிறந்த சில நாளில் தாய் இறந்தாள். இரு பச்சிளம் மக்களோடு தனித்து நின்ற அவர், வேலையிலே துயரை மறக்க முயன்றார். 1868 ஆம் ஆண்டில் ஹாரியட்டின் உறவினளாகிய பிளாரன்ஸ் கென்ரிக்கை மணந்தார். நெவில் பிறந்தது இவ்வம்மையார் வயிற்றிலேயே.

1869 ஆம் ஆண்டில் பர்மிங்ஹாமில் தேசியக் கல்விக் கழகம் தோன்றிற்று. எல்லாச் சிறுவர்க்கும் கட்டாயமாகவும், இலவசமாகவும், சபை வேறுபாடு இன்றியும் கல்வி தரவேண்டும் என்பது அதன் கொள்கை. சேம்பர்லேன் அதன் நிர்வாகத் தலைவரானார். 1870 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அவர்கள் கேட்டதிற் பாதியையே தந்தது. அச்சட்டத்தின்படி நடந்த முதற் பள்ளிக் குழுத் தேர்தலில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. இடங்கள் 15. வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் 15 வாக்கு. அவற்றைப் பலர்க்குப் பிரித்தும் இடலாம், ஒருவர்க்கே குவித்தும் இடலாம். திருச்சபைக் கட்சியார் எண்மரை மட்டும் நிறுத்தி வாக்குகளைக் குவித்தனர்; எண்மரும் வென்றனர். சேம்பர்லேனின் கட்சியாரோ 15 இடத்துக்கும் 15 பேரை நிறுத்தினர், வாக்குகள் சிதறின, மொத்த வாக்கு மிகுந்தும் தோற்றனர். கோடி திருகாணிக்குக் கணக்குத் தவறாதவர் வாக்குக் கணக்கிலே தவறினார். அத்தவறு இரண்டாம் முறை நிகழவில்லை. 1873 ஆம் ஆண்டில் அவரே பள்ளிக் குழுவின் தலைவரானார். அவ்வாண்டு நவம்பரில், நான்காண்டாக நகர சபை அங்கத்தினராயிருந்த அவரை, சபையார் மேயராகத் தேர்ந்தெடுத்தனர். அப்பொழுது அவருக்கு வயது 37. அடுத்த ஆண்டில் கம்பெனியிலிருந்த தம் பங்கை விற்று முழுதும் விலகினார். கைக்கு வந்த தொகை ஏறத்தாழ 1,20,000 பவுன் என்பர்.

மேயரானவுடன் அவர் முதலிற் கைவைத்தது வாயு விளக்கில். நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவே அக்காலத்தில் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் ஒளி தந்தது. பர்மிங்ஹாமில் இரண்டு கம்பெனிகள் இத்தொழிலை நடத்தின. இரண்டும் தனித்தனியே தெருவை வெட்டிக் குழாய் பதித்தன. ஒன்று மூடிய பள்ளத்தை மற்றொன்று தோண்டிற்று. ஆதாயம் பங்குதாரர்க்குப் போயிற்று. 1874 சனவரியில் இவ்விரு கம்பெனிகளையும் நகர சபையே விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்று சேம்பர்லேன் பிரேரித்தார். விலை ஏறத்தாழ 20 லட்சம் பவுன்! ஊர் அதுவரை பட்டிருந்த கடனைப் போல் இது பன்மடங்கு. சிக்கனக் கட்சியின் மிச்சமிருந்தோர் நடுங்கினர். அவர் கணக்கேட்டை விரித்து வைத்துப் பேசினார். இந்தப் பேரத்தைச் சபை தமக்கே கொடுத்துவிடுமாயின், தாம் ஆண்டுதோறும் 20,000 பவுன் சபைக்குக் கட்டிவிட்டுச் சில ஆண்டுகளில் மேலும் பெருஞ்செல்வராகிவிடக் கூடும் என்று எடுத்துக்காட்டினார். வாணிகம் அறிந்த ஒருவர் தம் சொந்தப் பணத்தையே பந்தயம் வைப்பது போற் பேசும்பொழுது மறுப்பது எளிதன்று. 54 பேர் ஆதரிக்க, இருவரே எதிர்க்கத் தீர்மானம் நிறைவேறியது. 1875 ஆம் ஆண்டில் பார்லிமெண்டு சட்டமும் வந்தது. முதலாண்டிலேயே வட்டியும் செலவும் போக ஏறத்தாழ 34,000 பவுன் மிஞ்சிற்று. வாயுவின் விலையும் குறைந்தது. வாயுக் கமிட்டியார் தம் பணத்தைக் கொண்டே பின்னர் ஒரு சித்திர சாலையைக் கட்டினர். 1885 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அச்சாலையை, விளக்கு விற்ற காசு ஓவியமாயிற்று என்று நாம் சொல்லி மகிழலாம்.

அடுத்தது குடிநீர். இதிலேதான் சேம்பர்லேனின் உள்ளத்தை நாம் நன்கு காண்கின்றோம். ஊருக்கு நீர் விற்றதும் ஒரு தனிக் கம்பெனியே. அதன் குழாய் எட்டாத வீடுகள் மிகப் பல. ஊராரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முற்றத்துக் கிணற்றையே நம்பியிருந்தனர். அக்கிணறுகளிற் பெரும்பாலானவை கழிவு ஊறிக் கெட்டுப்போனவை. சோதித்துப் பார்த்துக் கிணற்றை மூடச் சொல்லலாம். மூடிய பின் அவ்வேழை எங்கே போவான்? ஆகவே நீர்க் கம்பெனியையும் சபையே வாங்க வேண்டும் என்றார். பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் தாமே சென்று சாட்சி கூறினார். 13,50,000 பவுன் விலையில் 1876 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீர்நிலையம் நகர சபையின் கைக்கு வந்தது.

இங்கே அவர் செய்த வேறுபாட்டை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். வாயு விற்பனையில் ஆதாயம் எடுக்கலாம். அவ்வாதாயம் ஊருக்கே திரும்பும். நீரில் ஆதாயம் எடுத்தல் கூடாது. ஒரு காசு மிஞ்சினாலும் அதனைக் கொண்டு நீரின் விலையைக் குறைத்தல் வேண்டும். ஏனெனில் நீர் வாணிகச் சரக்கன்று, உயிர். அதன்மேல் ஆதாயம் என்பது ஏழையின் சுகத்தின்மேல் வரி. இருபதாண்டு காலம் ஒவ்வொரு குறோசுத் திருகாணிக்கும் ஆதாயம் கணக்கிட்ட கை, இவ்விடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டது. பொருளியல் நாம் பயின்றதில்லை. ஆதலின் இம்முறை எல்லா ஊர்க்கும் பொருந்துமா என்று சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஆனால் எதனை விற்கலாம், எதனை விற்கலாகாது என்று ஒரு வணிகரே கோடு கிழித்தமை, அவ்வாறு கிழித்த அரசியல்வாதிகளைக் காட்டிலும் நம் மனத்தைத் தொடுகின்றது.

நீர் மசோதாவும் வாயு மசோதாவும் நடந்துகொண்டிருந்த நாளிலேதான், 1875 பிப்ரவரி 13 ஆம் நாள், பிளாரன்ஸ் அம்மையாரும் பிரசவத்தில் இறந்தார். பிறந்த குழந்தையும் உடன் சென்றது. இரண்டு மனைவியரை ஒரே விதமாக இழந்த அவர்க்கு ஆறு பிள்ளைகள் எஞ்சினர். ஓய்வுநாட் பள்ளியிற் பிறர்க்கு வேதம் கற்பித்தவர், அதன்பின் தம் விசுவாசத்தை இழந்தார். கடவுளின் அன்பைக் குறித்துப் போதகர் கூறும் ஆறுதல் மொழி எதுவும் தமக்கு விளங்கவில்லை எனக் கருதினார். மீண்டும் பழைய நம்பிக்கைக்கு அவர் திரும்பவேயில்லை. அவர் வரலாற்றை எழுதும் கிறிஸ்தவர் சிலர் இதனை விரைந்து கடந்துவிடுவர். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. நம்பிக்கையாற் பிறந்த வேலை, நம்பிக்கை போன பின்னும் நின்றுவிடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மூன்றாம் முறையும் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, எல்லாவற்றினும் பெரிய வேலையைத் தொடங்கினார். அதனை எவ்வாறு பொருள் கொள்வது என்பதில் நம் விடுதி நண்பர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

அப்பெரிய வேலையாவது, ஊரின் நடுவே இருந்த நெருக்கமான குடியிருப்பை வாங்கி இடித்துப் புதிய பெருந்தெரு ஒன்றைத் திறத்தல். 1875 ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியிருப்புச் சீர்திருத்தச் சட்டம் வந்து, நகர சபைகட்கு இவ்வதிகாரத்தைத் தந்தது. செய்தி பரவினால் மனை விலை ஏறிவிடும் என்பதை வணிகர் அறியாரோ? சேம்பர்லேனும் நண்பரும் தங்கள் பணத்தைப் போட்டு, மனைகளை முன்கூட்டியே வாங்கிப் பின்னர்ச் சபைக்கு மாற்றினர். வாங்கிய நிலத்தைச் சபை விற்கவில்லை. 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. குத்தகை முடிந்தவுடன் நிலமும் அதன்மேல் எழுந்த கட்டடமும் ஊருக்கே மீளும். பேரன் காலத்து வருவாயைப் பாட்டனார் எழுதிவைக்கும் ஏற்பாடு அது. 1878 ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, கார்ப்பரேஷன் தெரு எழுந்தது. பெரிய கடைகளும் அலுவலகங்களும் அதன் இரு மருங்கும் நின்றன. அத்தெருவிலே எழுந்த நீதிமன்றத்திற்கு 1887 ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியாரே வந்து அடிக்கல் நாட்டினார். சீர்செய்த பகுதியின் சில தெருக்களில், முன்னர் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 53 ஆக இருந்த மரணம், சில ஆண்டுகளில் 21 ஆகக் குறைந்தது.

ஆனால் இடித்த வீடுகளில் இருந்தவர் எங்கே போயினர்? இக்கேள்விக்கு விடை இனியதன்று. புதுத் தெருவின் மனை விலை உயர்ந்தது. அங்கே குறைந்த வாடகைக்கு வீடு கட்டுதல் கட்டுப்படியாகாது. ஆகவே பழைய குடிகள் பக்கத்துச் சந்துகளிலே புகுந்து, முன்னினும் நெருங்கி வாழ்ந்தனர். நகர சபை அவர்களுக்கென்று வீடு கட்டத் தொடங்கியது 1890 ஆம் ஆண்டளவிலேயே. அதுவும் மிகச் சிலவே. குறைந்த மரண எண்ணிக்கையிலும் ஒரு பங்கு, அங்கே இறக்கக்கூடிய ஏழைகள் அவ்விடத்தை விட்டே அகன்றமையால் வந்ததோ என்று ஐயுற இடமுண்டு. குடிநீரில் பேனாவைக் கீழே வைத்த அக்கை, குடியிருப்பில் அவ்வாறு வைக்கவில்லை. நீர் ஆதாயத்துக்கு உரியதன்று எனக் கண்டவர், தலைக்கு மேலுள்ள கூரையையும் அவ்வாறே கண்டிருப்பாராயின் என்று நாம் எண்ணாதிருக்க முடியவில்லை. அவர் 1876 ஜூனில் பார்லிமெண்டு அங்கத்தினராகி மேயர் பதவியை விட்டு நீங்கினமையால், முடிவு வரை நின்று நடத்தியவர் பிறரே என்பதையும் சொல்லுதல் நியாயமாகும். ஆயினும் திட்டம் அவருடையதே.

இம்மூன்றாண்டில் நடந்த ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகின்றோம். சேம்பர்லேன் முடியாட்சியை விரும்பாதவர், குடியரசுக் கொள்கையர் என்று பெயரெடுத்திருந்தார். 1874 நவம்பரில் வேல்ஸ் இளவரசரும் இளவரசியாரும் பர்மிங்ஹாம் வந்தனர். மேயர் என்ற முறையில் வரவேற்க வேண்டியவர் இவர். என்ன குறும்பு நிகழுமோ என்று லண்டன் பத்திரிகைகள் ஆவலோடு காத்திருந்தன. அவரோ செவ்விய உடையணிந்து, ஒற்றைக் கண்ணாடி தரித்து, குறையாமலும் மிகையாமலும் மரியாதை செய்து அனுப்பினார். பத்திரிகைக்காரர் ஏமாந்தனர். எதிர்க்கட்சி ஏடுகளும் பாராட்டின.

மேயர் பதவிக்குப் பின்னைய முப்பதாண்டைச் சுருக்கமாகவே கூறுவோம். 1880 ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டன் மந்திரி சபையில் வாணிக மந்திரியானார். 1886 ஆம் ஆண்டில் ஐர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதை எதிர்த்து வெளியேறி, லிபரல் கட்சியைப் பிளந்தார். 1888 ஆம் ஆண்டில் மேரி எண்டிகாட் என்னும் அமெரிக்க மாதை மூன்றாவதாக மணந்தார். 1895 ஆம் ஆண்டு முதல் 1903 ஆம் ஆண்டு வரையில் குடியேற்ற நாட்டு மந்திரி. சட்டையில் ஆர்க்கிட் மலரும் கண்ணில் ஒற்றைக் கண்ணாடியும் உடைய அவ்வுருவத்தை உலகம் முழுதும் கேலிச் சித்திரங்களால் அறிந்தது. 1899 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் மூண்ட போயர் யுத்தத்தை மக்கள் அவருடைய யுத்தம் என்றே அழைத்தனர். அப்போரில் போயர் பெண்டிரும் சிறுவரும் முகாம்களில் அடைக்கப்பட்டு ஆயிரக்கணக்காக நோயால் மாண்டனர். நல்ல நீரின்மையால் குழந்தைகள் சாதலைப் பொறாது போராடிய மேயர், மந்திரியான பின் அம்முகாம்களுக்கும் பொறுப்பாளர் ஆனமை எத்துணைக் கொடிய முரண்பாடு! போரைக் கண்டித்த லாயிட் ஜார்ஜ் 1901 டிசம்பரில் பர்மிங்ஹாம் நகர மண்டபத்திற் பேச வந்தபொழுது, சேம்பர்லேனின் அபிமானிகள் மண்டபத்தைத் தாக்கினர். போலீஸ்காரர் உடையணிந்து அவர் தப்ப வேண்டியதாயிற்று.

போர் முடிந்து 1902 டிசம்பரில் சேம்பர்லேன் தென்னாப்பிரிக்கா சென்றார். அவரைக் காண்பதற்கென்றே இந்தியாவிலிருந்து டர்பனுக்குத் திரும்பியவர் காந்தியடிகள். 1860 ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் நேட்டால் இந்தியருட் பெரும்பாலோர். அவர்களுள்ளும் சென்னைத் துறைமுகம் வழியே சென்ற தமிழர் மிகப் பலர். அவர்களின் குறைகளை எழுதிக் காந்தியடிகள் தூதுக்குழுவோடு சென்று அளித்தார். தன்னாட்சி பெற்ற குடியேற்ற நாட்டின்மேல் தம் அதிகாரம் சிறிதே என்றும், அங்குள்ள ஐரோப்பியரோடு இணங்கிப் போவதே வழி என்றும் மந்திரி கூறியனுப்பினார். டிரான்ஸ்வாலில் இந்தியத் தூதுக்குழுவிற் சேரக் காந்தியடிகளுக்கு அதிகாரிகள் இடமே தரவில்லை. பர்மிங்ஹாமின் முற்றத்து ஏழைக்கு இரங்கிய நெஞ்சு, நம் ஏழைகளுக்காகத் திறக்கவில்லை.

ஆனால் அவ்வூரார் அவரை மறந்தாரல்லர். 1880 ஆம் ஆண்டிலேயே, அவர் உயிரோடிருக்கும்பொழுதே, மேயர் வேலையை நினைவுகூர்ந்து ஒரு நீரூற்று மண்டபம் எழுப்பினர். நீர் தந்தவர்க்கு நீராலே நன்றி சொன்னது தக்கதே. 1900 ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் அவர் முயற்சியால் அமைந்தது. பதினாறு வயதில் பள்ளியை விட்டவரே அதன் முதல் வேந்தர். அதன் நடுவே நிற்கும் உயர்ந்த மணிக்கூண்டை மாணவர் இன்றும் அவர் பெயரிட்டே அழைக்கின்றனர்.

1906 ஜூலை 8 ஆம் நாள் அவருடைய எழுபதாம் பிறந்தநாளை ஊர் முழுதும் திருவிழாவாகக் கொண்டாடிற்று. சில நாளில் பக்கவாதம் தாக்கியது. கால் தளர்ந்தது, நாவும் தடுமாறிற்று. பேச்சினாலேயே சபைகளை அசைத்தவர் எட்டாண்டு அவ்வாறு வாழ்ந்து, 1914 ஜூலை 2 ஆம் நாள் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யலாம் என அழைப்பு வந்தது. குடும்பத்தார் அதனை வேண்டாவென்று கூறிவிட்டனர். பர்மிங்ஹாமின் கீ ஹில் கல்லறைத் தோட்டத்தில், ஹாரியட்டும் பிளாரன்சும் உறங்கிய அதே குழியில், அவரையும் வைத்தனர்.